ஒப்பந்தம் போட்டாச்சு, ஆய்வை எங்கே தொடங்குவது?

கோவையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய போஸ்ட்டாக் ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கு எழுதும் பதில் இது. அவர் படித்த பல்கலைக்கழகமும் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகமும் நிலைத்தன்மை அறிவியலில் (இயற்கையைக் கெடுக்காமல் மனிதர் வாழும் வழிகளை ஆராயும் துறை) சேர்ந்து ஆய்வு செய்யப்போவதாகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. கையெழுத்து, சால்வை, போட்டோ எல்லாம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஆன்லைனில் கூடிப் பேசியும் ஒன்றும் நகரவில்லை. "இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் நீதான், நீயே ஏதாவது பண்ணு என்கிறார்கள். என்ன தலைப்பு எடுப்பது, பணம் எங்கே கேட்பது, யாரைப் பார்ப்பது, அக்கா?" என்று கேட்டிருந்தார். இங்கே வருகிற நம் பிள்ளைகள் பலருக்கும் இதே தலைவலி இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, முதலில் தலைப்புத் தேடுவதை விடுங்கள். இந்த ஊரில் யாருடைய வேலை, எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கிறது என்று தேடுங்கள். இரண்டு பல்கலைக்கழகங்கள் மட்டும் உட்கார்ந்து பேசினால் இருவருக்கும் தெரிந்த சொற்களில் ஒரு தலைப்பு வரும். பேப்பரும் வரலாம். அதோடு சரி. நிலைத்தன்மை அறிவியல் என்ற துறையே ஆய்வையும் அதைப் பயன்படுத்துபவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரத்தான் வந்தது. டர்பனில் அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் நகரை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சி. அவர்களுக்குப் பின்னால், மாநகராட்சி எடுக்கும் முடிவோடு தினமும் வாழ்கிற மக்கள். இந்த இரண்டு தரப்பும் முதல் நாளிலிருந்தே உள்ளே இல்லாத எந்தக் கூட்டு ஆய்வும் பணம் தீர்ந்த மறுமாதமே நின்றுவிடும்.

இதை வெறும் கருத்தாகச் சொல்லவில்லை. உலகம் முழுக்கத் தெரிந்த கூட்டு ஆய்வு ஒன்று இங்கேயே நடந்திருக்கிறது. அது கழிப்பறை பற்றியது.

2000 ஆகஸ்டில் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் காலரா பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. அதே ஆண்டின் கடைசியில்தான் டர்பனையும் சுற்றியிருந்த உள்ளாட்சிகளையும் சேர்த்து எத்தெக்வினி என்ற பெரிய மாநகராட்சி ஆக்கினார்கள். சுமார் 2,300 சதுர கிலோமீட்டர். பெயர்தான் மாநகராட்சி, பெரும்பகுதி மலையும் பள்ளத்தாக்குமான கிராமப்புறம். வீடுகள் சரிவில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். அங்கே பாதாளச் சாக்கடை போடக் கட்டுபடியாகாது. குழிக் கழிப்பறை கட்டிக் கொடுத்தால், நிறைந்த பிறகு உறிஞ்சும் லாரி அந்த மேட்டில் ஏறாது. ஆகவே சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் உலர் கழிப்பறையை மாநகராட்சி தேர்ந்தெடுத்தது. கீழே இரண்டு அறைகள் இருக்கும். ஒன்று நிறைந்தால் மூடி உலர விட்டுவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். சிறுநீர் குழாய் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இப்படிக் கட்டிக் கொடுத்தார்கள்.

கட்டி முடித்ததும்தான் கேள்விகள் வந்தன. ஓர் ஆண்டு உலர விட்டால் உள்ளே இருப்பது பாதுகாப்பானதா? மலத்தில் வரும் குடற்புழுவான உருண்டைப்புழுவின் முட்டை அத்தனை எளிதில் சாகாது. அப்படியிருக்க வீட்டுக்காரரையே மண்வெட்டியால் அள்ளச் சொல்வது நியாயமா? மண்ணுக்குள் வீணாகப் போகும் சிறுநீரில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) உரமாக்க முடியுமா? இவை எந்தப் பேராசிரியரும் மேசையில் உட்கார்ந்து யோசித்தவை அல்ல. மாநகராட்சியின் தண்ணீர், கழிவுநீர்ப் பிரிவு தினமும் சந்தித்த சிக்கல்கள். அவர்கள் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் மாசு ஆய்வுக் குழுவிடம் கேட்டார்கள். அங்கே வேதிப் பொறியாளர்கள் இருந்தார்கள், நியூலேண்ட்ஸ் மாஷுவில் சோதனைக் களமும் இருந்தது. சிறுநீரைப் பதப்படுத்தும் நுட்பம் சுவிட்சர்லாந்தின் நீர் ஆராய்ச்சி நிறுவனமான ஏயாவாக்கிடம் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து, பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில், 2010 முதல் 2015 வரை வூனா என்ற திட்டத்தை நடத்தின.

அதன் அறிவியல் அழகானது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. வீட்டுக் கழிவுநீரில் அளவில் சிறுநீர் நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் கழிவுநீரில் சேரும் நைட்ரஜனில் 80 சதவீதம் வரை அதிலிருந்துதான் வருகிறது, பாஸ்பரஸில் ஏறத்தாழ பாதியும். சிக்கல் என்னவென்றால், தேங்கிய சிறுநீரிலிருந்து அம்மோனியா ஆவியாகிப் போய்விடும். நாற்றமும் அதனால்தான், சத்து இழப்பும் அதனால்தான். எனவே பாக்டீரியாவை விட்டு அம்மோனியாவில் பாதியை நைட்ரேட்டாக மாற்றுகிறார்கள். அமிலத்தன்மை ஒரு நிலையில் நின்றுவிடும், மீதி அம்மோனியாவும் ஓடிப்போகாது. பிறகு கரித்தூளில் வடிகட்டினால் மருந்து எச்சங்கள் நீங்கும். கடைசியில் தண்ணீரை ஆவியாக்கினால் கெட்டியான திரவ உரம் கிடைக்கும். அந்த உரத்துக்கு ஔரின் என்று பெயர் வைத்தார்கள். உண்ணும் பயிர் உட்பட எல்லாச் செடிகளுக்கும் போடலாம் என்று 2018இல் சுவிஸ் அரசு அனுமதி கொடுத்தது.

இங்கேதான் நான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். அந்த உரம் சுவிட்சர்லாந்தில் பாட்டிலில் விற்பனைக்கு வந்தது. டர்பனில் வீடு வீடாகச் சிறுநீர் சேகரிக்கும் ஏற்பாடு நகரம் முழுக்கப் பரவவில்லை. காரணமும் ஆய்விலேயே தெரிந்ததுதான். சிறுநீரில் பெரும்பங்கு தண்ணீர். மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் வீடுகளிலிருந்து அந்தக் கனத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும் செலவு, கிடைக்கும் உரத்தின் விலைக்கு ஈடாகாது. ஒரு கட்டடத்துக்குள்ளேயே சேகரித்து அங்கேயே பதப்படுத்தினால் கணக்கு வேறு மாதிரி வரும். சுவிட்சர்லாந்தில் அது சரிப்பட்டு வந்ததற்குக் காரணம் இதுதான். இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். மாநகராட்சி ஒரு வழியில் பெரும் பணத்தைக் கொட்டுவதற்கு முன் அதன் கணக்கு கையில் கிடைத்தது. அப்புறம், கழிப்பறை அறைகளைக் காலி செய்யும் வேலையை வீட்டுக்காரர் தலையில் கட்டாமல் மாநகராட்சியே ஏற்றுக்கொண்டது. அதற்கும் புழு முட்டை பற்றிய ஆய்வுகள் துணை நின்றன. 2014இல் எத்தெக்வினியின் தண்ணீர்ப் பிரிவுக்கு ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருது கிடைத்ததை இங்கே பலரும் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டியதுதான்.

ஆனால் வீட்டுக்காரர்கள்? திருப்தி குறைவு என்று ஆய்வுகளே சொல்கின்றன. நகரத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் விடும் கழிப்பறை, எங்களுக்கு மட்டும் ஏன் இது என்ற கேள்வி நிறவெறி ஆட்சியைப் பார்த்த நாட்டில் சாதாரணக் கேள்வி அல்ல. மாணவர்களோடு நான் போன ஒரு வீட்டில் வயதான கோகோ ஒருவர் இருந்தார். இந்த மாகாணத்தின் பெரும்பான்மையினரான சூலு மக்களின் வீடுகளில் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள். கழிப்பறைக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே பளிச்சென்று பெருக்கியிருந்தது. ஒரு மூலையில் மண்வெட்டியும் பாதி சோள மூட்டையும் இருந்தன. அதாவது கழிப்பறையைச் சாமான் அறையாக வைத்திருந்தார். எங்கள் மாணவி சூலு மொழியில் கேள்வித்தாளைத் தொடங்கியதும், இதற்கு முன் வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள், எழுதிக்கொண்டு போனதெல்லாம் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத பணம் கேட்டு எழுதும் உங்கள் புரொபோசலில் ஓர் இடம் இருக்க வேண்டும். டேட்டா எங்கே இருக்கும், யார் திரும்பி வந்து முடிவைச் சொல்வார்கள், எந்த மொழியில், அதற்குப் போக்குவரத்துச் செலவு பட்ஜெட்டில் எந்த வரியில் இருக்கிறது என்று எழுதுங்கள். பெரும்பாலான பட்ஜெட்டில் மாநாட்டுக்குப் போகப் பணம் இருக்கும், இதற்கு இருக்காது.

சரி, தமிழ்நாட்டுப் பக்கம் என்ன கொண்டுவரும்? உங்கள் பேராசிரியர்கள் கருவி, ஆய்வகம், செயற்கைக்கோள் படம் என்று பட்டியல் போடுவார்கள். அவை எல்லாம் இங்கும் இருக்கின்றன. இங்கே இல்லாதது முசிறி. திருச்சி மாவட்டத்து முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2000களின் நடுவிலேயே சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் சமுதாயக் கழிப்பறை கட்டி, பயன்படுத்த வருகிறவர்களுக்குக் காசு கொடுத்தது. ஒரு முறைக்கு 10 காசு. வருபவர்களுக்கு அட்டை போட்டுக் கணக்கு வைத்தார்கள். சேர்ந்த சிறுநீரை வாழைக்கு விட்டுச் சோதித்தார்கள். இங்கேயும் எத்தெக்வினியில், சிறுநீருக்குக் காசு கொடுத்தால் மக்கள் உலர் கழிப்பறையைக் கூடுதலாகப் பயன்படுத்துகிறார்களா என்று சுவிஸ் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஒரே யோசனை, இரண்டு ஊர். ஒன்றில் தெருவுக்கு ஒரு பொதுக் கழிப்பறை, மற்றதில் மலைமேல் தனித்தனி வீடு. ஒன்றில் பக்கத்திலேயே வாழைத்தோட்டம், மற்றதில் உரம் போடும் நிலம் எங்கோ தூரத்தில். காசு நின்ற பிறகு மக்கள் என்ன செய்தார்கள் என்பதை இரண்டு ஊரிலும் ஒரே முறையில் கேட்டுப் பார்த்தால், அதற்காக இந்த ஒப்பந்தம் போட்டது வீண் போகாது. முசிறிக்காரர் ஒருவர் இங்கே வந்து மாநகராட்சிப் பொறியாளரோடு உட்கார்ந்து பேசட்டும். சூலு பேசும் ஆய்வு மாணவி ஒருவர் அங்கே போய் ஒரு மாதம் தங்கட்டும். இரண்டு துணைவேந்தர்கள் பயணிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கழிப்பறை உங்கள் துறை இல்லை என்றால் வெள்ளம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் இங்கே பெய்த மழையில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில வாரங்களிலேயே பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்த உலக வானிலைக் காரணப் பகுப்பாய்வுக் குழு ஒரு கணக்கைச் சொன்னது: புவி வெப்பமடையாத காலத்தில் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்திருக்கக்கூடிய மழை இப்போது 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும், மழையின் அளவும் 4 முதல் 8 சதவீதம் கூடியிருக்கிறது. நாடு கடந்த கூட்டு ஆய்வு வேகமாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் டர்பனின் பால்மியட் ஆற்றங்கரையில் குவாரி ரோடு வெஸ்ட் குடிசைப் பகுதியில் இருப்பவருக்கு வேண்டியது வேறு. இன்று இரவு தண்ணீர் வீட்டுக்குள் வருமா, எத்தனை மணிக்கு வெளியேற வேண்டும்? அதற்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மாநகராட்சியின் மழைநீர்ப் பொறியாளர்களும் குடியிருப்புத் தலைவர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, ஆற்று மட்டமும் மழை எச்சரிக்கையும் நேரே போய்ச் சேர வழி செய்திருக்கிறார்கள். எளிமையான ஏற்பாடுதான். ஆனால் ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கிய பிறகுதான் அது நடந்தது, அந்த நம்பிக்கைக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இதில் நம் மக்களின் கதையும் இருக்கிறது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகியபோது ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியில் கறிகாய்த் தோட்டம் போட்டிருந்த இந்தியக் குடும்பங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பாரிவலை மீனவர்கள் ஆறு பேர் படகில் திரும்பத் திரும்பப் போய் 176 பேரை மீட்டார்கள். படவாட்டன் அறுவர் என்று இன்றும் டர்பனில் அவர்களை நினைவுகூர்கிறார்கள். 1976இல் அதே தாழ்வான பகுதியில் இருந்த டின் டவுன் என்ற குடியிருப்பை வெள்ளம் மூழ்கடித்த பிறகுதான் அங்கிருந்தவர்களை டர்பனின் புறநகரான ஃபீனிக்ஸுக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். ஃபீனிக்ஸில் இன்றும் பல தாத்தா பாட்டிகள் தண்ணீர் எந்தத் தெருவரை வந்தது என்று கைகாட்டிச் சொல்வார்கள். அவர்கள் தமிழில் பேச மாட்டார்கள், ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். ஆனால் நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் டீ போட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். ஆற்று மட்டத்துக்குப் பழைய பதிவுகள் போதாத இடத்தில் இந்த நினைவுகளைக் கணினி மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உருப்படியான ஆய்வு. அடையாற்றங்கரையிலும் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களிடம் இதையே கேட்கலாம். இங்கே வேற்று நாட்டு ஆய்வாளர் பலருக்கும் இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மாநகராட்சியில் யாரைப் பார்ப்பது என்று தயங்க வேண்டாம். இந்த ஊர் மாநகராட்சி ஆராய்ச்சியைப் பார்த்து ஒதுங்குவதில்லை. 2011 முதல் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தோடு டர்பன் ஆய்வுச் செயல் கூட்டமைப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. நகரத்துக்குள் மிச்சமிருக்கும் புல்வெளிகளைக் காப்பது, பருவநிலை மாற்றத்துக்குத் தயாராவது போன்றவற்றில் மாநகராட்சி கேட்கும் கேள்விகளை மாணவர்கள் முதுகலை, முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மாநகராட்சியில் வேலை பார்த்த டெப்ரா ராபர்ட்ஸ்தான் 2015இல் ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் இரண்டாம் பணிக்குழுவுக்கு இணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்ளாட்சி அதிகாரி ஒருவர் உலகப் பருவநிலை அறிக்கைக்குத் தலைமை தாங்கிய ஊர் இது. ஆகவே மாநகராட்சிக்குப் போகும்போது அவர்களுக்குப் பாடம் நடத்தப் போகாதீர்கள், கேட்கப் போங்கள்.

இனி அனுமதிகள். இதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

கிராமப்புறத்தில் ஆய்வு என்றால் முதலில் ஊர்த் தலைவரான இந்துனாவைப் பார்க்க வேண்டும். அவருக்கு மேலே இன்கோசி, அதாவது பாரம்பரியத் தலைவர். இந்த மாகாணத்தில் சுமார் 28 லட்சம் ஹெக்டேர் நிலம் சூலு மன்னர் பொறுப்பில் உள்ள இங்கோன்யாமா அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது. அங்கெல்லாம் பாரம்பரியத் தலைமைக்குத் தெரியாமல் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. வெறுங்கையோடு, வேலை முடிந்து கிளம்பும்போது போய் நிற்கக் கூடாது. தொடங்கும் முன்பே, சூலு பேசும் சகா ஒருவரோடு போக வேண்டும். அடுத்து கேட்கீப்பர் லெட்டர். மாநகராட்சியோ பள்ளியோ மருத்துவமனையோ, எங்கே ஆய்வு செய்கிறீர்களோ அந்த அமைப்பு எழுதிக் கொடுக்கும் இசைவுக் கடிதம் அது. அது இல்லாமல், ஆய்வு நெறிகளைச் சரிபார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி முழு அனுமதி தராது. எத்திக்ஸ் அனுமதியும் இரண்டு நாட்டிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தவிர்க்க முடியாது. பேட்டி, பெயர், கைபேசி எண், வீட்டு இருப்பிடம் இவையெல்லாம் தனிநபர் தகவல். 2021 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப நிபந்தனைகள் உண்டு. பெயர் நீக்கிய டேட்டாவை மட்டும் பகிர்வது என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும்.

சாம்பிள் அனுப்புவது இன்னொரு கதை. எனக்குத் தெரிந்த ஒரு குழு இங்கே எடுத்த மண் மாதிரியைக் குளிர்பெட்டியில் அடைத்துக் கூரியரில் இந்தியாவுக்கு அனுப்பியது. அங்கே தாவரத் தொற்றுத் தடுப்புச் சட்டத்தின்படி மண்ணை இறக்குமதி செய்ய முன் அனுமதி வேண்டும். அது இல்லை என்று பெட்டி கிடங்கிலேயே கிடந்தது. உள்ளே இருந்த ஐஸ் போய், மாதிரியும் போய்விட்டது. களத்தில் வெயிலில் நின்று எடுத்த பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்தேன். இங்கிருந்து உள்ளூர்ச் செடி, நுண்ணுயிர் எதை எடுத்துப் போவதானாலும் 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவைப்படலாம். இந்தியாவிலிருந்து வெளியே வருவதற்குச் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகள் உண்டு. என் அறிவுரை எளிது. முடிந்தவரை மாதிரியை அது எடுத்த நாட்டிலேயே ஆய்வு செய்யுங்கள், எண்களை மட்டும் பகிருங்கள். கருவி இல்லை என்றால் மாதிரிக்குப் பதில் ஆளை அனுப்புங்கள். ஆள் போனால் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கும்.

யாருக்குப் பலன் என்ற கேள்வியை இந்த நாட்டில் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குக் காரணம் ஹூடியா. பசியையும் தாகத்தையும் அடக்க இந்தப் பகுதியின் பழங்குடிகளான சான் மக்கள் மென்ற கள்ளிபோன்ற செடி அது. தென்னாப்பிரிக்காவின் அரசு ஆராய்ச்சி மன்றம் 1990களில் அதற்குக் காப்புரிமை எடுத்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. சான் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகுதான் 2003இல் பலனைப் பகிரும் ஒப்பந்தம் போட்டார்கள். 2017இல் சான் மக்கள் தாங்களே ஓர் ஆய்வு நெறிமுறையை எழுதி வெளியிட்டார்கள். தங்களிடம் ஆய்வுக்கு வருபவர் மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறையோடு முறைப்படி வர வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறார்கள். நம் பக்கத்திலும் இதற்கு நேரான அனுபவம் இருக்கிறது. அகத்தியமலைக் காணி மக்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து மருந்து செய்தபோது, உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கு என்று கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா 1990களிலேயே முடிவு செய்தது. குறைகள் இருந்தாலும் பலரும் எடுத்துக்காட்டும் முன்மாதிரி. உங்கள் கூட்டத்தில் பலன் பகிர்வு பற்றிப் பேச்சு வந்தால் இதைச் சொல்லுங்கள். நம்மிடமும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது என்பது தெரியட்டும்.

காப்புரிமை வரும்போது இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் அறிவுச்சொத்து 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சேரும். அதை வெளிநாட்டுக்கு மாற்றிக் கொடுக்கத் தனி அனுமதி வேண்டும். "எல்லாம் இரு தரப்புக்கும் சமம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப மாற்றல் அலுவலகத்தை முதல் மாதமே கூப்பிடுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒப்பந்தத்தில் பணம் இருக்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம். இந்தியாவின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் இங்குள்ள தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் அவ்வப்போது கூட்டு அழைப்பு விடும். பிரிக்ஸ் நாடுகளுக்கான அழைப்பு தனி. இவற்றில் பொதுவான விதி, அவரவர் நாட்டுப் பணம் அவரவர் ஆய்வாளருக்கு. இரண்டு பக்கமும் ஒரே புரொபோசலைத் தனித்தனியாக, கெடு தேதிக்குள் போட வேண்டும். ஒரு பக்கம் தாமதித்தால் இரண்டும் போய்விடும். அப்புறம் ஒரு உள்விஷயம். அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழில் வரும் பேப்பருக்கு இங்கே அரசு பல்கலைக்கழகத்துக்கு மானியம் கொடுக்கிறது, ஒரு முழு பேப்பருக்கு ஒரு லட்சம் ராண்டுக்கு (இந்நாட்டு நாணயம்) மேல். அது எழுதியவர்களுக்கிடையே பங்காகும். வெளிநாட்டு ஆசிரியரின் பங்குக்கு எதுவும் வராது. பெயர்ப் பட்டியல் நீண்டால் இங்குள்ள துறைத்தலைவர் முகம் சுளிப்பதற்கு அதுதான் காரணம். யார் யார் பெயர் வரும், எந்தப் பேப்பரில் யார் முதலில் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் சூலுவில் பேட்டி எடுப்பவரின் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் இடத்துக்குப் போய்விடக் கூடாது. கேள்வியைப் புரியும்படி மாற்றிக் கேட்டவரும் பதிலின் தொனியைப் புரிந்துகொண்டவரும் அவர்தான். ஆசிரியர் பட்டியலில் அவருக்கு இடம் உண்டு.

அடுத்து என்ன செய்வது என்று கேட்டால், துணைவேந்தர் மட்டத்தில் இன்னொரு கூட்டம் வேண்டாம். மாநகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் ஒருவர், மழைநீர்ப் பிரிவில் ஒருவர், உங்கள் வழிகாட்டி, சூலு பேசும் ஆய்வு மாணவர் ஒருவர், அவ்வளவு பேர் போதும். இந்த ஆண்டு எந்த முடிவை எடுக்கத் தகவல் இல்லாமல் தவிக்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அன்று இரவே கோவைக்கு அனுப்புங்கள். அங்கே அதற்குக் கைகொடுக்க ஆள் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கோவையில் இல்லாவிட்டால் திருச்சியில் இருப்பார், ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவரையும் சேர்க்கலாம். முசிறி விஷயமாகப் பேச வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள், நான் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளைத் தருகிறேன்.